ஐயாயிரத்து நாற்பதும் பதினொன்றும்

12.8.97 செவ்வாய்
புழுக்கம். முள்ளிப்பட்டு முதலாளியின் தறிக்குப் பாவு ஓட்ட வேண்டும். நீளவாக்கில் 5040 இழை.

டீக்கடையில் 5040-இன் பெருமையை எடுத்துவிட்டேன். ஒன்று முதல் பத்து வரை எதனாலும் வகுபடும். பன்னிரண்டாலும். மொத்தம் அறுபது எண்கள் மீதியில்லாமல் வகுக்கும். (கடையில் நூறு என்றேன். கண்டுபிடித்ததே நான்தான் என்றும்.) எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

ஏகாம்பரம் மட்டும் பிளக்கவில்லை. தங்கை வள்ளியின் புருஷன். பி.யு.சி. திமிர். ஆறு வருஷம் முன்பு, அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பத்துப் பேர் நடுவில் என்னை "எட்டாங்கிளாஸ்" என்றவன். அந்த வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று அன்றைக்குப் போட்ட சபதம்.

"பதினொண்ணு?" என்றான்.

"அதுலயும் போவும்."

"போவலன்னா?"

"உன் வீட்டுக்கு வந்து கை நனைக்கிறேன்டா!"

பதினொன்றைப் போட்டுப் பார்த்ததே இல்லை.

13 புதன்
போட்டேன். 458, மீதி 2. மறுபடி. மீதி 2. கால்குலேட்டரில் 458.18181. பேட்டரி சரியில்லை.

பெண்டாட்டி: "எத்தினி வாட்டி போட்டாலும் அந்த ரெண்டு எங்க ஓடிடும்? போய்ட்டு வாயேன். வள்ளி ஆறு வருசமா வழி பாத்துகினு கீறா."

மாட்டேன்.

14 வியாழன்
பேஜார். முதலாளி கூப்பிட்டனுப்பினார். இந்தப் பாவில் பதினொரு கோடு வேண்டுமாம், எல்லாம் ஒரே அகலம். ஏகாம்பரத்துக்கும் அங்கேதான் வேலை. முன்பே தெரிந்துதான் கேட்டிருக்கிறான். பாம்பு.

முதலாளி எதிரிலேயே சொன்னான்: "ரெண்டு இழை கொறச்சிடுங்க மச்சான். 5038. நேரா வகுபடும்."

5038! தரித்திரம் பிடித்த எண். மூன்றில் போகாது, நான்கில் போகாது, ஐந்தில் போகாது. அதை என் பாவில் ஏற்றுவேனா?

"ஒரு இழையும் கொறையாது. கோட்டுக்கு 458. மிச்சம் ரெண்டு, இந்த ஓரம் ஒண்ணு, அந்த ஓரம் ஒண்ணு."

முதலாளி தலையாட்டினார். கை தட்டினார் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஏகாம்பரம் சிரித்தான். "அப்போ மிச்சம் ரெண்டுன்னு ஒத்துக்கினீங்க. ஞாயித்துக்கெழம வாங்க."

17 ஞாயிறு
போனேன். படியை மிதிக்கவில்லை, தாண்டினேன்.

வள்ளி கேட்காமலே மூன்று முறை சோறு போட்டாள். மீன் குழம்பில் உப்பு கம்மி. ஏகாம்பரத்தின் முகத்துக்கு நேரே சொன்னேன்.

வள்ளிதான்: "அண்ணே, கொழம்பு அவுரு வச்சது. காலங்காத்தால போயி மீன் வாங்கியாந்து, என்ன அடுப்பாண்டயே உடல."

இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன். உப்பு கம்மிதான்.