மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டியது

தண்ணீரூற்று,
12.03.2000

அன்பு மகள் தர்மிளாவுக்கு அப்பா எழுதுவது. வற்றாப்பளை அம்மாள் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிருக்குள் நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் நோ குறையவில்லை, அதைப் பற்றிய கதையும் குறையவில்லை. காலபோக நெல் வெட்டியாயிற்று, பன்றி தின்றது போக மிச்சம் வீட்டில் இருக்கிறது.

நீ அனுப்பிய ஜெனிவாப் படிவம் ஒன்றரை மாதம் பயணம் செய்து வந்து சேர்ந்தது. உன் அண்ணன் ஜனகனைப் பற்றி ஐ.நா. ஆட்கள் கேட்டிருக்கும் கேள்விகளை, சமாதான நீதவான் கணபதி ஐயா தமிழில் சொல்லச் சொல்ல நாங்கள் பதில் கொடுத்தோம். இதற்கு முன்பும் காணாமற்போனவரா என்று ஒரு கேள்வி. ஓம், சின்னனில் கோயில் பொங்கலுக்குப் போய்ச் சனத்துக்குள் மூன்று தரம் என்று அம்மா சொன்னா. அதை எழுத வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் கணபதி ஐயா எழுதிவிட்டார். கடைசியாக உடுத்திருந்தது நீலச் சேட்டு என்று நானும் வெள்ளைக்கோடன் என்று அம்மாவும் நின்றதில் அரை மணித்தியாலம் போயிற்று. எடுத்த முயற்சிகளை எழுத இரண்டு விரல் இடந்தான் விட்டிருக்கிறார்கள். மூன்று வருடம் ஏறி இறங்கின கந்தோர்கள் அதற்குள் அடங்கவில்லை, நாலு தாள் வேறாக இணைத்திருக்கிறோம்.

கண்ட சாட்சி இல்லையே என்று கவலைப்பட்டாய். இப்போது இருக்கிறது. ராக்காயி என்று பெயர், எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் பதுளைத் தோட்டத்தை விட்டு வந்து இங்கே கூலி வேலை செய்கிறவ. சங்கக்கடை வரிசையில் அம்மாவின் கையில் இருந்த படத்தைக் கண்டு நின்றுவிட்டா. அம்மாவுக்கு மருந்து எடுக்க ஜனகன் வவுனியாவுக்குப் போன அன்று, வழியில் சோதனைச் சாவடியில் அவனுக்குப் பின்னால் நின்றவவாம். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு ஆமிக்காரர் அவனை மட்டும் ட்ரக்கில் ஏற்றியதைக் கண்டிருக்கிறா. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். “யாரும் கேக்கலீங்களே ஐயா” என்றா. சத்தியக்கடதாசியில் பெயரை மறைக்கலாம் என்று கணபதி ஐயா சொன்னார், அவவின் மருமகனும் பெயர் போட வேண்டாம் என்று தடுத்தான். “ஏத்துறப்ப அந்தத் தம்பி என்னயத் திரும்பிப் பாத்துச்சு. என் பேரையே போடுங்க” என்று பெருவிரலை நீட்டிவிட்டா.

போன கிழமை ஒரு கந்தோரில் கூப்பிட்டு, மரணச் சான்றிதழ் எடுத்துக்கொண்டால் எல்லாருக்கும் அலுவல் முடிந்துவிடும் என்றார்கள். எடுத்தால் ஜெனிவாவிலும் கோப்பை மூடிவிடுவார்கள் என்று நீ எழுதியிருந்தாய். நான் பேச வாயெடுக்க முன் அம்மா சொன்னா, “செத்தவன் எண்டால் எங்கை, எப்ப எண்டும் எழுதித் தாங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்.” அந்த உத்தியோகத்தர் நல்ல பிள்ளை, பேனையை மூடி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று கேட்டார். குடித்துவிட்டு வந்தோம்.

ஐ.நா. சபையில் பேச உனக்கு மூன்று நிமிடமாம். அழாதே, நேரம் போய்விடும். சான்றிதழை நாங்கள் வாங்கவில்லை என்பதை முதலில் சொல். ராக்காயியின் பெயரைப் பிழையில்லாமல் சொல். சாப்பிட்டுவிட்டுப் போ.

வற்றாப்பளையாள் உன் நாவில் நிற்கட்டும். ஒன்றை மட்டும் மறவாதே, அவன் உனக்கு அண்ணனாக இருக்கிறான் என்றே பேசு. இந்தக் கடிதத்தில் இரண்டு இடம் மையால் அழித்திருக்கும். இருந்தான் என்று எழுதிவிட்டேன். அம்மாவுக்குச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
வீ. நடராசா