ஏழாம் வருஷம் விதைப்பு இல்லை

பிப்ரவரி 9

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் கடைசிப் பத்தியில். முதலில் வேலை.

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் கத்துகிறோம், அந்தச் சத்தத்தில் நாற்றெல்லாம் வாடுகிறது என்று உன் மனைவி நமக்குப் போனைத் தடை செய்திருக்கிறாள். "எழுதுங்க அண்ணா. எழுதினா பாதிக் கோபம் தபால் பெட்டியிலேயே நின்னுடும்" என்கிறாள். தங்கச்சி பேச்சைத் தட்டமாட்டேன். ஆனால் கோபம் முழுசாகத்தான் உனக்கு வந்து சேரும்.

மூன்று மாதம் என்று சொல்லிப் போனாய். இது நான்காவது. அப்பா விழுந்தார், இடுப்பு எலும்பு உடைந்தது, நீ ஒரே மகன். எல்லாம் புரிகிறது. விதைப்புக்கு ஐந்து வாரம் இருக்கும்போது நீ அனுப்பிய ஒற்றை வரிதான் புரியவில்லை. "இது ஏழாவது வருஷம். நிலம் ஓய்வெடுக்கட்டும்."

வாக்குக் கொடுத்தது எனக்கும் நினைவிருக்கிறது. சபைக்குப் பின்னால் முள்ளும் கண்ணாடித் துண்டுமாகக் கிடந்த இடத்தில் நின்றுகொண்டு, ஆறு வருஷம் பயிர், ஏழாம் வருஷம் ஓய்வு, பைபிளில் உள்ள பழைய கட்டளைப்படி நடப்போம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாய். நானும் தலையாட்டினேன். அன்றைக்கு இருந்தது நான்கு பாத்தி. ஆறு வருஷம் தாக்குப்பிடிப்போம் என்று யார் கண்டது? இன்றைக்கு நாற்பத்திரண்டு குடும்பம் தங்கள் காய்கறியை இங்கேதான் பறிக்கிறது. இடம் கேட்டு இன்னும் பத்தொன்பது பேர் காத்திருக்கிறார்கள்.

எட்டு இடத்தில் மண் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினேன். ஆரம்பத்தில் மண்ணில் மக்கிய சத்து ஒரு சதவீதம்கூட இல்லை. இப்போது நான்கு. ஒரு மண்வெட்டி மண்ணில் பதினொரு மண்புழு எண்ணினேன். இந்த மண்ணுக்குக் களைப்பே இல்லை. சும்மா போட்டால் களைதான் முளைக்கும், அதைப் பிடுங்க நீ வரமாட்டாய், நான்தான் பிடுங்கவேண்டும்.

ஒரு காரணம் சொல். கட்டளை என்று சொல்லாதே, அது எனக்கும் தெரியும். காரணம் சொல்.

அப்பா எப்படி இருக்கிறார்? நீ சாப்பிடுகிறாயா? விசாரித்தாயிற்று.

மீட்டர்

பிப்ரவரி 21

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. கோபத்தில்கூட வரிகளுக்கு நடுவில் ஒரே இடைவெளி விட்டிருக்கிறாய். ஸ்கேல் வைத்தா எழுதினாய்? உனக்கு மீட்டர் என்று பேர் வைத்தது சரிதான்.

அப்பா பரவாயில்லை. காலையில் அவரைக் குளிப்பாட்டுகிறேன், மருந்து கொடுக்கிறேன், பிறகு இருவரும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளைப் பார்க்கிறோம். மதியம் தூங்குகிறோம். மாலையில் திரும்பவும் வண்டிகள். நீ இங்கே அரை நாள் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். எனக்குப் பிடித்திருக்கிறது.

மண் களைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஓய்வு மண்ணுக்கு மட்டும்தான் என்று நான் எப்போது சொன்னேன்? ஒரு வருஷம் யாரும் விதைக்காமல், பறிக்காமல், சனிக்கிழமை காலையில் கூடாமல் இருந்து பார்ப்போமே. எல்லாவற்றையும் அளந்துவிட முடியாது, மச்சான். சிலதை வாக்குக் கொடுத்ததற்காகவே செய்யவேண்டியிருக்கிறது.

குடும்பங்களிடம் நீயே சொல்லிவிடு. உன் பேச்சுக்கு எதிர்ப் பேச்சு வராது. நாற்றங்காலில் இருப்பதை யாருக்காவது கொடுத்துவிடச் சொல் உன் தங்கச்சியிடம். அவளுக்கும் ஒரு வருஷம் முதுகு நிமிரட்டும். ரொம்ப வேலை செய்கிறாள்.

எப்போது வருவேன் என்று கேட்பாய். அப்பா நடக்க ஆரம்பித்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை

மார்ச் 6

மாப்பிள்ளைக்கு,

எதிர்ப் பேச்சு வராது என்றாய் அல்லவா? கேட்டுக்கொள்.

சனிக்கிழமை வாசற்கம்பியில் ஒரு தாள் ஒட்டினேன். "ஏழாம் வருஷம் விதைப்பு இல்லை. காரணம்: முன்பே கொடுத்த வாக்கு." அதற்கு மேல் எழுத எனக்கு எதுவும் தெரியவில்லை, நீ சொல்லித் தரவும் இல்லை. ஏழரை மணிக்குள் எல்லோரும் என்னைச் சூழ்ந்துவிட்டார்கள்.

பஸ் டிரைவர், மூன்றாம் வரிசைக்காரர், ஆறு வருஷத்தில் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. தாளைப் படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் படித்தார். "சரிங்க, நிலம் ஓய்வெடுக்கட்டும். நாங்க எங்க போய் எடுக்கறது?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வேலை முடிந்து இரண்டு மணி நேரம் இங்கே குனிந்து நின்றால்தான் அவருக்கு வீட்டில் யாரையும் திட்டாமல் இருக்க முடிகிறதாம்.

தையற்கார அம்மா தன் பாத்தி நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். இனி ஒரு வருஷம் வந்து இப்படியே உட்காரலாமா, அதற்கும் தடையா என்று கேட்டார். உட்காரலாம் என்றேன். அப்படியென்றால் நிழலுக்கு ஏதாவது ஏற்பாடு பண்ணு என்றார். சபை மூப்பர் என்னைத் தனியாக அழைத்து, கட்டளையை மதிக்கிறேன் தம்பி, ஆனால் அதைச் சொல்லவேண்டியவர் வந்து சொல்லட்டும் என்றார்.

நானும் அதைத்தான் சொல்கிறேன். நீ வந்து சொல். அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். நீ சொன்னால் கல்லைக்கூட விதைப்பார்கள். தாள் ஒட்டுவது என் வேலை இல்லை, என் வேலை பம்பும் குழாயும்.

இன்னொன்று. அதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. போன வாரம் உன் அப்பா உன் மனைவிக்குப் போன் செய்திருக்கிறார். நம் இருவருக்குத்தானே தடை, அவருக்கு இல்லையே. மாடிப்படி ஏறி இறங்குகிறாராம். குச்சிகூட வேண்டாம் என்று வைத்துவிட்டாராம். "இவன் எதுக்கும்மா இன்னும் இங்க உக்காந்திருக்கான், நான் சொன்னா கேக்க மாட்டேங்கறான்" என்று கேட்டாராம். தங்கச்சி இதை நாற்றங்காலில் பைக்கு மண் நிரப்பிக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு பையில் மண் நிரம்பி வழிந்தது, அவள் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அதனால் நான் ஒன்று செய்துவிட்டேன். கிழக்குப் பாதியில் நம் பாத்திகளை உழுது பீன்ஸ் விதைத்துவிட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன், கோபப்படு. கோபத்திலாவது கிளம்பி வா.

மீட்டர்

மார்ச் 19

மச்சான்,

பீன்ஸ் முளைத்துவிட்டதா? கோபம் வரவில்லை. வரவேண்டும் என்று காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. அதற்கு அப்புறம்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அப்பா நடக்கிறார். ஜனவரியிலிருந்தே நடக்கிறார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. தையற்கார அம்மா மகனுக்கு ஆபரேஷன் என்று ஜெபிக்கச் சொன்னார், நினைவிருக்கிறதா? ஜெபித்தேன். பாதியில், மூடாமல் விட்ட குழாயில் தண்ணீர் போவதுபோல வார்த்தை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பதும், நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதும் தெரிந்தது. யாரிடம் பேசுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். அந்தப் பக்கம் யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் எல்லோரும் எப்போதையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குப் பயமாகிவிட்டது.

அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அப்பா விழுந்தார் என்று போன் வந்தபோது, எப்படிச் சொல்வேன், எனக்கு மூச்சு வந்தது. போக ஒரு இடம் கிடைத்துவிட்டது.

ஏழாம் வருஷம் என்று நான் பிடித்துக்கொண்டதும் அதனால்தான். நிலம் சும்மா இருந்தால் சனிக்கிழமைக் கூட்டம் இருக்காது. கூட்டம் இல்லையென்றால் யாரும் என்னை ஜெபிக்கச் சொல்லமாட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் நம்பிக்கை திரும்பி வந்தாலும் வரும். கட்டளைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதையும் உன் கையால் ஒட்டவைத்தேன்.

அவளிடம் சொல்லாதே. ஜெபக் குழுவில் என்னைப் பார்த்துத்தான் அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த ஆள் இல்லை என்றால் நான் யாராக அந்த வீட்டுக்குள் நுழைவது?

வருவேனா என்று கேட்காதே.

உன் மாப்பிள்ளை

மார்ச் 24

மாப்பிள்ளைக்கு,

பம்பு கெட்டுப்போனால் பம்பு கெட்டுவிட்டது என்று சொல்லவேண்டும். தண்ணீருக்கு விடுமுறை என்று போர்டு மாட்டக் கூடாது. நாற்பத்திரண்டு குடும்பத்தை நிறுத்தி வைத்தாய். என்னை அவர்கள் முன்னால் முட்டாளாக நிற்கவைத்தாய். அது போகட்டும்.

ஆறு வருஷமாக நீ ஜெபிக்கும்போது பக்கத்தில் நின்றேனே, என் கண் பாதி நேரம் திறந்துதான் இருக்கும். வால்வைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ நம்புகிறாய், எனக்கும் சேர்த்து அது போதும் என்று இருந்துவிட்டேன். இப்போது நீ கையை விரித்தால் நான் யாரைப் பார்த்து ஆமென் சொல்வது? இதை யோசித்தாயா?

அவளிடம் நான் சொல்லமாட்டேன். அது உன் வேலை. சீக்கிரம் செய்.

பீன்ஸ் முளைத்துவிட்டது.

மீட்டர்

ஏப்ரல் 11

மாப்பிள்ளைக்கு,

பதினெட்டு நாளாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் கடைசியில் நீ சாப்பிடுகிறாயா என்று கேட்டிருக்கவேண்டும். சாப்பிடுகிறாயா?

தாளைக் கிழித்துவிட்டேன். எல்லோரையும் கூப்பிட்டு, அவரவர் பாத்தியை அவரவர் முடிவு செய்யுங்கள் என்றேன். காரணம் கேட்டார்கள். வாக்குக் கொடுத்தவர் இப்போது வர முடியாத நிலையில் இருக்கிறார், அதற்கு மேல் கேட்காதீர்கள் என்றேன். கேட்கவில்லை. பத்தொன்பது குடும்பம் சும்மா விட்டிருக்கிறது, இருபத்துமூன்று விதைத்திருக்கிறது. எதிர்பார்க்கவே இல்லை, பஸ் டிரைவர் சும்மா விட்டவர்களில் ஒருவர். கட்டாயம் என்றால்தான் கசக்கிறது, நானே விட்டால் சுகமாக இருக்கிறது என்கிறார். வேலை முடிந்து வந்து அடுத்தவர் பாத்தியில் களை பிடுங்குகிறார். ஒரு வரிசைக்குத் தண்ணீர், அடுத்ததற்கு இல்லை என்று என் குழாய் வரைபடம் முழுக்கக் குழம்பிப்போய்விட்டது. மூன்று நாள் உட்கார்ந்து மாற்றி வரைந்தேன்.

யாராவது ஜெபிக்கவேண்டுமே என்று மூப்பர் என்னைப் பார்த்தார். அவர் செய்யலாம், செய்யவில்லை. நான் நின்றேன். தண்ணீர் வருகிறது, நன்றி. மழையும் வந்தால் நல்லது. ஒருவன் இங்கே இல்லை, அவனைப் பார்த்துக்கொள்ளும். ஆமென். அவ்வளவுதான். கேட்டது யார் என்று எனக்கும் தெரியவில்லை, மாப்பிள்ளை. ஆனால் நான் கேட்டதெல்லாம் எனக்கு உண்மையாகவே வேண்டியிருந்தது. தையற்கார அம்மா வந்து, "சுருக்கமா இருந்துச்சு, கால் வலிக்கல" என்றார்.

இனி முக்கியமான விஷயம்.

வியாழக்கிழமை தங்கச்சி நாற்றங்கால் வாசலில் நின்று என்னைக் கேட்டாள்: "அவர் திரும்பி வருவாரா அண்ணா?" தெரியாது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், சத்தியமாக அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். "நீங்க தெரியாதுன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல" என்றாள். கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்று காலை ஆறரை வண்டியில் ஏறிவிட்டாள். நான்தான் பை தூக்கிக்கொண்டு போனேன். என்ன கேட்கப்போகிறாய் என்றேன். "ஒண்ணும் கேக்கமாட்டேன். பக்கத்துல போய் உக்காருவேன். அவர் அஞ்சு மாசமா தனியா உக்காந்திருக்காரு" என்றாள். நாற்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டதற்கு, பார்த்து ஊற்றுங்கள் என்றாள். பார்த்து என்றால் எத்தனை லிட்டர்? அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

நாளைக் காலை உன் வாசலில் இருப்பாள். இந்தக் கடிதம் செவ்வாய்க்கிழமைதான் வரும். அதனால் இது எச்சரிக்கை இல்லை. ஒளிந்துகொள்ள உனக்கு நேரம் கொடுக்கக் கூடாது என்றுதான் தபாலில் போடுகிறேன். இதற்குள் அவளிடம் அப்பா, மருந்து, வாக்கு, ஏழாம் வருஷம் என்று ஏதாவது ஆரம்பித்திருந்தால், இந்த வரியைப் படித்ததும் நிறுத்து. எனக்கு எழுதியதை அவளிடம் சொல். வார்த்தை வராவிட்டால் எழுதிக் கொடு. இல்லாமல் போய்விட்டான் என்று நீ பயப்படுகிற ஜெபக்காரனைத் தேடி அவள் வரவில்லை.

அவளைச் சமாதானப்படுத்தித் திருப்பி அனுப்பாதே. உடனே கூட்டிக்கொண்டும் வராதே. எத்தனை நாள் வேண்டுமோ இருங்கள். தோட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், ஒரு வருஷம் ஆனாலும், அதற்கு மேல் ஆனாலும். நீ வரும்போது யாரும் உன்னை ஜெபிக்கச் சொல்லமாட்டார்கள். சொன்னால் நான் இருக்கிறேன், நான்கு வரி வைத்திருக்கிறேன்.

பதில் எழுத அவசரம் இல்லை. அவசரம் இல்லை என்று நான் எழுதுகிறேன், பார்த்துக்கொள்.

நாற்றங்காலில் வெயில் ஏறிவிட்டது. பார்த்து ஊற்றப் போகிறேன்.

மீட்டர்