பேய்க்கு என்ன வேண்டுமாம்?

ஜார்ஜ் டவுன்
10.3.2025

அன்புள்ள ஜெகதீஸ்வரி அவர்களுக்கு,

நலம். நேற்று அலறிய அலறலில் தொண்டை மட்டும் சுகமில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் உங்கள் மகள் தனுஜா முதலில் படித்துவிடுவாள் என்பதால் தபால்தலை ஒட்டியிருக்கிறேன்.

கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம் என்றால் எனக்கு உயிர். எலும்புக்கூட்டைத் தூக்கி ஆட்டும் கயிறு பளிச்சென்று தெரியும். பேய்கூடக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வரும், அவ்வளவு மரியாதை! ஞாயிறு மத்தியானங்களில் நம் திரைப்பட மன்றத்தில் இந்தப் படங்களைப் போடுகிறவனே நான்தான். அப்படிப்பட்டவன், எலும்புக்கூடு தலையைத் திருப்பியதும் "ஐயோ அம்மா!" என்று உங்கள் கையைப் பிடித்துவிட்டேன். முன்வரிசையிலிருந்து ஹனீபா அண்ணன், "என்ன தம்பி, படத்தப் போட்டதே நீங்கதான் லா!" என்று மானத்தை வாங்கினார்.

உண்மையில், உங்களிடம் ஒன்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அலறல் முந்திக்கொண்டது. கேட்க நினைத்தது இது: என்னைக் கல்யாணம் செய்துகொள்வீர்களா? வயது ஐம்பத்தாறு. மனைவி காலமாகி ஏழு வருஷம். கண்ணாடிக் கடை சுமாராக ஓடுகிறது. தொப்பையை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
லோகேஸ்வரன்

ஜார்ஜ் டவுன்
17.3.2025

அன்புள்ள ஜெகதீஸ்வரி அவர்களுக்கு,

நேற்று நீங்கள் வரவில்லை. உங்கள் நாற்காலியில் ஹனீபா அண்ணன் உட்கார்ந்துகொண்டார். பேய் வந்தபோது அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். ரசிக்கவில்லை, இருவருக்குமே.

கேட்டது தவறென்றால் மறந்துவிடுங்கள். படத்துக்கு மட்டும் வாருங்கள்.

லோகேஸ்வரன்

செபராங் ஜெயா
20.3.2025

மதிப்பிற்குரிய லோகேஸ்வரன் அவர்களுக்கு,

நான் வராததற்குக் காரணமே நீங்கள்தான்.

தனுஜாவின் அப்பா போன பிறகு இந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சிரித்ததில்லை. அன்று உங்கள் அலறல் நினைவுக்கு வந்து, துணி தேய்க்கும்போது சிரித்தேன். மீன் கழுவும்போது சிரித்தேன். உங்கள் முதல் கடிதம் வந்ததும் குளியலறைக்குள் போய்ச் சிரித்தேன். தனுஜா பயந்துபோய்ப் பக்கத்து வீட்டு லெட்சுமியக்காவைக் கூப்பிட்டாள். "தனியா சிரிக்குதா? பேய்தான் புடிச்சிருக்கு, சந்தேகமே இல்ல!" என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். போன ஞாயிறு, படத்துக்குப் புறப்பட்டவளைப் பிடித்துக் கோயிலுக்குக் கொண்டுபோய், விபூதி அடித்து, கையில் மந்திரித்த கயிறும் கட்டினார்கள். காரில் திரும்பும்போது தனுஜா அழுதேவிட்டாள்.

"யாரும்மா உன்னப் புடிச்சிருக்கிறது? பேரச் சொல்லும்மா!"

சொல்லிவிட்டேன்.

"கண்ணாடிக் கடை அங்கிளா?" என்றாள். பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அதுக்கு என்ன வேணுமாம்?"

கைப்பையிலிருந்த உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். வண்டியை ஓரமாக நிறுத்தியவள், அலறல் வரை படித்துவிட்டுச் சிரித்தாள். கல்யாணப் பேச்சு வந்ததும் சிரிப்பை நிறுத்தி என்னையே பார்த்தாள். மூன்று நாள் யோசித்து, இன்று காலையில்தான் வாயைத் திறந்தாள்: "ஞாயித்துக்கிழம நானும் வர்றேன். அவர் அலறுறத நேர்ல பாக்கணும்."

எனவே, இரண்டு நாற்காலி போட்டு வையுங்கள். ஹனீபா அண்ணனை முன்வரிசைக்கே அனுப்பிவிடுங்கள்.

கையில் கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டேன். பேய் பயந்து ஓடிவிட்டால் என்ன செய்வது?

ஜெகதீஸ்வரி