சுவரோரக் கத்மி

ஃபரமர்ஸ்,
என் அறுவை சிகிச்சைக்குக் கிளம்பிவிட்டேன். சூப் அடுப்பில் இருக்கிறது. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன்.

சுவரோரம் மிஞ்சியிருப்பது கீரையல்ல. நம் மகள் ஐலின் இறப்பதற்கு முன் விதைத்த கத்மிப் பூச்செடி. முதல் வருடம் இலை மட்டும்தான் விடும். வரும் கோடையில்தான் ஆளுயரம் வளர்ந்து பூக்கும். தொட்டுப் பாருங்கள், கத்மி இலை சொரசொரக்கும்.

பனி விழுமுன் வைக்கோல் போடுங்கள். நடுக்குருத்தை மூடாதீர்கள், அழுகிவிடும்.

அன்று, "கீரைன்னு நினைச்சுதான் சூப்புக்குப் பிடுங்கினேன், மெஹ்ரி" என்று கெஞ்சினீர்கள். "பிள்ளையையே பிடுங்கிட்டீங்க" என்றேன். அப்படிச் சொன்னது என் பாவம்.

பி.கு.: நீங்கள் பிடுங்கியதில் ஒன்றை அன்றே மாடத்துத் தொட்டியில் நட்டேன். அது பிழைத்துவிட்டது. தெரிந்தும் சொல்லாமல், இத்தனை நாள் உங்களை அழவிட்டேன். நான் திரும்பாவிட்டால், இறைவன் பெயரால், அதற்கு முதலில் தண்ணீர் ஊற்றுங்கள்.