நேவி டொக்டர்

மச்சாள்,

அந்தப் பழைய சிரிப்புப் படத்தைத் திரும்பவும் ஓட்டுகிறார்களாம். ஒலிபெருக்கி கட்டிய கார் வாசலில் எறிந்துவிட்டுப் போன நோட்டீசில் போலி டொக்டர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். குடும்பமாகப் போவோமா என்று மகன் கேட்டான். நான் எழும்பிக் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றுகொண்டேன்.

மூதூரில் லோஞ்ச் படகில் ஏற்றி, திருகோணமலைத் தியேட்டருக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது நீங்கள்தானே. அண்ணன் பெண்சாதி என்று ஒருநாளும் என்னைப் பிரித்துப் பார்த்ததில்லை. முந்தின நாள் இருமலுக்கு எங்கள் ஊர் நேவி டொக்டரிடம் ஊசி போட்ட உங்கள் கை வீங்கியிருந்தது. ஊசி என்றால் வீங்கத்தான் செய்யும் என்றீர்கள்.

படத்தில் அந்தப் போலி டொக்டர் ஒரே ஊசியை வேட்டியில் துடைத்துத் துடைத்து எல்லாருக்கும் குத்தினான். தியேட்டரே அதிர்ந்தது. நீங்களும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள், பிறகு உங்கள் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது.

"மச்சாள், எங்கட டொக்டரும் துடைச்சுப்போட்டுத்தான் குத்தினவர்."

உங்கள் கையைத் தொட்டுப் பார்த்தேன். நெருப்பாகக் கொதித்தது. அதற்குமேல் என்ன படம்!

நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி போட்டது யாரென்று கேட்டார்கள், சொன்னோம். அங்கே வேலை செய்த ஒருவருக்கு ஆளைத் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் நேவி டொக்கில், கப்பல் திருத்துகிற துறையில், கப்பலுக்குப் பெயின்ற் அடித்தவராம். டொக்கில் இருந்தவர் என்பதை எங்கள் சனம் டொக்டராக்கிவிட்டது. அவரும் மறுக்கவில்லை. நீங்கள் அதற்கும் சிரிக்கப் பார்த்தீர்கள், காய்ச்சல் குளிரில் பல் அடித்துக்கொண்டது.

விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது, அங்கே போட்ட ஊசியாலும் காப்பாற்ற முடியவில்லை. உங்கள் உடலை லோஞ்சில் கிடத்தித்தான் ஊருக்குக் கொண்டுவந்தோம்.

செத்தவீட்டுக்கு நேவி டொக்டரும் வந்தார். நல்ல கதிரையாகப் பார்த்து உட்காரப் போட்டார்கள்.

"அடுத்த ஊசியையும் என்னட்டப் போட்டிருந்தா இந்தப் பிள்ளை தப்பியிருக்கும்" என்றார்.

எல்லாரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். ஆஸ்பத்திரிதான் உங்களைக் கொன்றது என்று முற்றத்தில் முடிவாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவரைப் பற்றி அறிந்ததைச் சொன்னேன். கவலையில் பிதற்றுகிறாள் என்றார்கள். அப்போது சின்னப்பிள்ளையாய், காய்ச்சலோடு என் மடியில் கிடந்த மகனை உங்கள் அம்மாவே அவரிடம் காட்டினார். அவர் பையைத் திறந்தார்.

மகனைச் சேலைக்குள் இறுக்கிக்கொண்டு, "ஏலாது" என்றேன். அந்த ஒரு சொல்தான் வந்தது.

அவர் கோபிக்கவில்லை. பையை மூடவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையைக் கொண்டுவந்து நீட்டினாள். அந்தப் பிள்ளை வீரிட்டு அழுத சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை, மச்சாள்.