செந்தில் பேசிய பக்கம்

மே 5
கத்திரி வெயில். காலையிலேயே கீபோர்டில் வேர்வை சொட்டுகிறது. பீங்கான் யூனிட்காரர்கள் சங்கத்து வெப்சைட் இனி என் தலையில். இதுவரை செந்தில் பார்த்தான். பெண்ணாடம் ரோட்டில் கரும்பு டிராக்டரில் மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் நாற்காலி, அவன் கம்ப்யூட்டர்.

சைட்டில் நாலு பகுதி. கப், அகல், பொம்மை, கரண்ட் கம்பத்து இன்சுலேட்டர். தனித்தனி மூல ஃபோல்டர். கறுப்புத் திரையில் ஒரே கட்டளை, நாலையும் சேர்த்துக் கட்டி ஒரு சைட்டாகத் தர வேண்டும். மூன்று வந்தது. இன்சுலேட்டர் மட்டும் சிவப்பு எழுத்தில் திட்டு.

மே 6
காரணம் தெரிந்தது. இன்சுலேட்டர் பகுதி செந்தில் காலத்திலேயே இப்படித்தான். புண்ணியவான் மூலத்தைச் சரிசெய்யாமல், கட்டி முடித்து வந்த ஃபோல்டரிலேயே கையை வைத்திருக்கிறான். வெந்த கப்பில் பச்சை மண்ணை அப்பிக் கைப்பிடி வைத்த மாதிரி. மனசுக்குள் திட்டிக்கொண்டே மூலத்தை ஒழுங்கு செய்தேன். நடுவில் கரண்ட் கட். தயிர் சாதம் புளித்துவிட்டது.

தலைவர் போன். வெளியூர் வியாபாரி நாளன்றைக்கு சைட்டைப் பார்க்கிறாராம். முடிப்பேன் என்றேன்.

மே 7
பழையதை முழுசாகத் துடைத்துவிட்டுக் கட்டச் சொல்லும் கட்டளை. அடித்தேன். நாலும் பச்சை! அப்படியே சர்வரில் ஏற்றியாயிற்று. அங்கேயும் பழையது போய்ப் புதியது.

சாயங்காலம் யூனிட்காரர்கள் மாற்றி மாற்றி போன். பழைய சைட்தான் தெரிகிறதாம். அவரவர் போன் பழைய பக்கத்தைச் சேமித்து வைத்திருக்கும், அதுதான். சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்: பிரவுசர் சேமித்ததை எல்லாம் அழித்துவிட்டுத் திறக்கவும். எங்கே அமுக்குவது என்று படத்தோடு. நல்ல தூக்கம் வரும் இன்றைக்கு.

மே 8
ஆபீஸ் வாசலில் மல்லிகா. செந்தில் மனைவி. நல்லூரிலிருந்து பஸ்ஸில், இந்த வெயிலில். மோர் கொடுத்தேன், குடிக்கவில்லை. கையில் செந்தில் போன். அந்த நம்பரைக் குரூப்பிலிருந்து எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

"அக்கா, இன்சுலேட்டர் பக்கத்துல அவரு பேசுவாரே. அதக் காணமே. நெட்டு சரியில்லியா?"

பழைய பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் படம் இருந்தது. அழகுக்கு என்று நினைத்தேன். ஒரு தடவைகூட அமுக்கிப் பார்க்கவில்லை. இன்சுலேட்டர் எப்படிச் செய்கிறார்கள் என்று அவனே பேசி, கட்டி முடித்த ஃபோல்டரில் கையால் சொருகி வைத்தது. மூலத்தில் கிடையாது. தினமும் சமைக்கும்போது போட்டுக் கேட்பாளாம். கடைசியில் இருமிவிட்டு நன்றி சொல்வானாம், குழந்தை அதற்குச் சிரிக்குமாம்.

போனில் பதிந்ததை, இடமில்லை என்று சைட்டில் போட்ட அன்றைக்கே அவன் அழித்துவிட்டானாம். கம்ப்யூட்டரில் இருந்ததைத் துடைத்தது நான். சர்வரிலும் நான். வேறு காப்பி இல்லை.

சட்டென்று ஞாபகம். அவள் கையில் இருக்கும் போனில் பழைய பக்கம் சேமித்து இருக்குமே! எதையும் தொடாமல் கொடு என்று கை நீட்டினேன்.

"நேத்து வரைக்கும் பேசுனாருக்கா. அழிச்சிட்டுத் தொறக்கணும்னு குரூப்புல போட்டீங்கல்ல, படத்துல இருந்த மாதிரியே ஒன்னு வுடாம செஞ்சேன். சரியாத்தான செஞ்சிருக்கேன்?"

சரியாகத்தான் செய்திருந்தாள். போய்விட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாவி நான்.

மே 9
அழிந்த ஃபைலை மீட்கும் சாப்ட்வேர் ஓட்டினேன். ஒன்றும் இல்லை.

வியாபாரிக்கு சைட் பிடித்துவிட்டதாம். தலைவர் குரூப்பில் பாராட்டு. வரிசையாகக் கும்பிடு. செந்தில் நம்பரிலிருந்தும் ஒன்று. அதற்குக் கீழே, "அக்கா, வந்துடுச்சா?"

இதை போனில் சொல்லக்கூடாது. நல்லூர் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.