மழை வரும் என்று மாலா நினைக்கிறாள்

செவ்வாய்க்கிழமை, இரவு.

கல்யாண வீட்டில் வந்த சண்டைக்குப் பிறகு நானும் இவரின் தங்கை மாலாவும் நேரே கதைப்பதில்லை. ஒரே வளவு, ஒரே கிணறு. ஆனாலும் எதுவென்றாலும் இவர்தான் காவிக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டும்.

இன்று நெல்லியடி ஆங்கில வகுப்பில் ரீச்சர் எங்களைச் சோடி சேர்த்துவிட்டார். ஒருவர் ‘ஐ திங்க்’ என்று தொடங்கித் தன் நினைப்பைச் சொல்ல, மற்றவர் எழுந்து ‘ஷீ திங்க்ஸ்’ என்று அதை வகுப்புக்குச் சொல்ல வேண்டும். எனக்கு எரிச்சல். வீட்டுக் கூத்துக்கு இங்கேயும் பயிற்சியா?

மாலா நிலத்தைப் பார்த்தபடி, தான் அன்று அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று நினைப்பதாக ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள். நான் எழுந்தேன். மழை வரும் என்று மாலா நினைக்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருந்தாள்.

“மச்சாள், மழை வருமெண்டு நான் எப்ப சொன்னனான்?”

“மற்றதை ஏன் வகுப்பில இருந்த உவையளுக்குச் சொல்லோணும்?”

என் கையைப் பிடித்தவள் இறங்கும்வரை விடவில்லை.

வீட்டில் இவர் வழமைபோலக் கேட்டார்: “தங்கச்சிக்கு ஏதும் சொல்லோணுமோ?”

அந்த ரீச்சர் நல்லாயிருக்க வேண்டும். இவருக்குத்தான் இனி வேலையில்லை.